உங்களுக்குத் தெரியுமா? முளைகட்டிய பயறின் உண்மைக் கதைகள்

ஒரு கைப்பிடி பச்சைப்பயறு, தண்ணீர், ஒரு பருத்தித் துணி. மண்ணும் வெயிலும் இல்லாமலே வீட்டுக்குள் ஒரு விளைச்சல் எடுக்க இவை போதும். முளைகட்டிய பயறைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லப்படுவது நிறைய. அந்த மிகை அதற்குத் தேவையே இல்லை. உள்ளபடியே அது அருமையான உணவு. பச்சையாக அள்ளி வாயில் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவையும் சில உண்டு.

● போர்முனைக்குப் போன பயறு

முதல் உலகப் போரின்போது மெசபொட்டேமியாவில், அதாவது இன்றைய இராக்கில், போரிட்ட இந்தியச் சிப்பாய்கள் பலரை ஸ்கர்வி நோய் வாட்டியது. ஈறு வீங்கி ரத்தம் கசியும். பழமும் காய்கறியும் கிடைக்காத இடத்தில் வரும் நோய் அது. லண்டன் லிஸ்டர் ஆய்வு நிலையத்தில் ஹாரியட் சிக், மரியன் டெல்ஃப் ஆகிய இருவரும் காய்ந்த பயறு வகைகளையும் முளைவிட்டவற்றையும் ஒப்பிட்டு, ஸ்கர்வியைத் தடுக்கும் ஆற்றல் முளைத்தவற்றில்தான் இருக்கிறது என்று 1919-இல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே வில்ட்ஷயர் என்ற மருத்துவர், நோயுற்ற செர்பிய வீரர்களுக்கு முளைகட்டிய பீன்ஸ் கொடுத்து, அது எலுமிச்சைச் சாற்றுக்குச் சளைத்ததல்ல என்று காட்டியிருந்தார். அந்த ஆற்றலுக்குக் காரணமான வைட்டமின் சி எந்தப் பொருள் என்று அடையாளம் தெரிந்ததே 1932-இல்தான்.

● புரதம் பெருகுவதில்லை

முளைகட்டினால் புரதம் பல மடங்காகும் என்பார்கள். ஆகாது. காய்ந்த பச்சைப்பயறு 100 கிராமில் புரதம் சுமார் 24 கிராம். கடையில் கிடைக்கும் நீளமான வெள்ளை முளையில் 3 கிராம்தான்; அதில் 90 விழுக்காடு தண்ணீர். கூடுவது வைட்டமின் சி: அதே முளை 100 கிராமில் ஏறத்தாழ 13 மில்லிகிராம். புரதம் வேண்டுமென்றால் முளை அரை அங்குலம் எட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள். தண்ணீர் குறைவாக இருக்கும், சத்து செறிவாக இருக்கும்.

● வயிற்று உப்புசம் குறைகிறது

பயறு சாப்பிட்டால் வாயு சேர்வதற்கு ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் முக்கியக் காரணம். நம் குடலால் அவற்றைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று வாயுவை வெளியிடும். விதை முளைக்கும்போது தன் வளர்ச்சிக்காக இந்தச் சர்க்கரைகளைத்தான் முதலில் செலவழிக்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்து வைக்கும் ஃபைட்டிக் அமிலமும் முளைக்கும்போது குறைகிறது.

● மூட்டைக்குள் வெதுவெதுப்பு

இரவு ஊறிய பயறைக் காலையில் வடித்துத் துணியில் கட்டி வைக்கிறோம். மாலையில் அவிழ்த்தால், பச்சைத் தோல் வெடித்து, வெள்ளைத் தழும்பின் ஓரமாக ஒரு கூர்நுனி எட்டிப் பார்க்கும். அது இலையல்ல, வேர். மூட்டையின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். முளைக்கும் விதை வேகமாக மூச்சு விடுவதால் எழும் சூடு அது. காற்றுப் போகாத டப்பாவில் இறுக மூடினால் பயறு வியர்த்து, கொழகொழத்து, நாற்றமெடுக்கும். நாளைக்கு இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி வடியவிடச் சொல்வது இதனால்தான்.

● ஊறும் நேரத்துக்கும் அளவு உண்டு

பச்சைப்பயறுக்கு 6 முதல் 8 மணி நேரம், கொள்ளுக்கும் கருப்புக் கொண்டைக்கடலைக்கும் 10 முதல் 12 மணி நேரம். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் ஊறினால் தண்ணீர் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். ஊறியும் கல்லாகவே கிடக்கும் சில பயறுகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். தண்ணீர் புகாத தோல் கொண்ட அவை முளைக்காது. கடித்தால் பல்லுக்குத்தான் கேடு.

● கனம் வைத்தால் தண்டு தடிக்கும்

1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமிட்ரி நெல்யூபோவ் என்ற தாவரவியலாளர், ஆய்வுக்கூடத்து இருட்டில் வளர்ந்த பட்டாணி முளைகள் குட்டையாகிப் பருத்துப் பக்கவாட்டில் சாய்வதைக் கவனித்தார். விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டறிந்தார். பழங்களைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன். தலைக்கு மேல் பாரம் இருந்தால், மண்ணை முட்டிக்கொண்டு எழ வேண்டும் என்று முளை தானே இந்த வாயுவைச் சுரந்து தண்டைத் தடிக்க வைக்கும். நீள முளை வளர்ப்பவர்கள் மேலே கனம் வைப்பதன் பயன் இதுதான்.

● முளைப்பாரியின் வெளிர்மஞ்சள்

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாக்களில் பெண்கள் சுமந்துவரும் முளைப்பாரிக்கு அந்த வெளிர்நிறம் எப்படி வருகிறது? வெயில் படாத அறையில் வளர்ப்பதால்தான். ஒளி இல்லாவிட்டால் பச்சையம் உண்டாகாது. ஒளியைத் தேடித் தண்டு மட்டும் விறுவிறுவென நீளும். சமையலுக்கு வளர்க்கும் முளையையும் வெளிச்சத்தில் விட்டால் பச்சை பிடித்து லேசாகக் கசக்கும்.

● கஞ்சியை இளக்கும் கேழ்வரகு

கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகிய குழந்தைக் கஞ்சியில், சூடாக இருக்கும்போதே முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு தேக்கரண்டி கலந்து கிளறுங்கள். சில நிமிடங்களில் ஊற்றும் பதத்துக்கு இளகிவிடும். பிறகு ஒரு கொதி விட்டு, ஆற வைத்துக் கொடுக்கலாம். முளைக்கும்போது தானியத்தில் உருவாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டுவதால் நடப்பது இது. தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்தால் குழந்தையின் சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பும். இப்படி இளக்கினால் ஒவ்வொரு வாயிலும் சத்து அப்படியே இருக்கும். 1980-களில் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் தாரா கோபால்தாஸ் இந்த முறையைக் குழந்தைகளின் சத்துக் குறைவுக்கு எளிய தீர்வாக முன்வைத்தார். மாவைக் கருக வறுத்தால் நொதி செயலிழந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

● இவற்றைத் தொடாதீர்கள்

ராஜ்மாவை முளைகட்டிப் பச்சையாகத் தின்னக் கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதத்தால், நான்கைந்து பச்சை விதைகளே கடும் வாந்தியைக் கிளப்பப் போதும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கொதிக்க வைத்து வேகவிட்டால் பயமில்லை. சோளத்தையும் முளைகட்ட வேண்டாம். இளஞ்சோளப் பயிரில் மாட்டை மேயவிடாமல் விவசாயிகள் காக்கிறார்களே, அதே சயனைடு நச்சுதான் சோள முளையிலும் உருவாகிறது. விதைக்கடையில் விற்கும் விதையில் திரம், கார்பென்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். அது நிலத்துக்கு மட்டுமே.

● ஒரு வெந்தய முளையும் ஐம்பது உயிர்களும்

2011 மே மாதம் ஜெர்மனியில் கொடிய இ.கோலை கிருமி பரவியது. ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி விழுந்தது. கடைசியில், எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தில் வளர்த்த முளைகளே காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஈரமும் வெதுவெதுப்பும் விதைக்குப் பிடித்தது போலவே கிருமிக்கும் பிடிக்கும். விதைத்தோலின் விரிசலில் ஒளிந்திருப்பது கழுவினால் போகாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை முளையைச் சாப்பிடவே கூடாது என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்.

● ஆவியில் வேகவைத்தால் போதும்

தண்ணீரில் வேகவைத்துக் கொட்டினால் வைட்டமின் சி அந்தத் தண்ணீரோடு போய்விடும். இட்லித் தட்டில் பரப்பி, நன்றாக ஆவி ஏறிச் சூடாகும்வரை வேகவையுங்கள். கடுகு, கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த் துருவல் தூவி, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். வெப்பத்தில் கொஞ்சம் வைட்டமின் குறையத்தான் செய்யும்; எலுமிச்சை அதை ஈடுகட்டும். மிஞ்சிய முளையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். விலை குறைந்த, சமைக்க எளிதான, குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரும் நம்பிச் சாப்பிடக்கூடிய சுண்டல் இது. வாரத்தில் இரண்டு நாளாவது உங்கள் வீட்டில் இதற்கு இடம் கொடுங்கள்.