மக்கு போய் சிலிக்கான் வந்த கதவு

கரிசல் பக்கத்து வீடுகளில் தெருக்கதவுக்குக் கண்ணாடி என்பது பிற்பாடு வந்த ஆசை. ரமணர் 1879இல் பிறந்த திருச்சுழியானாலும் சரி, தறிச்சத்தம் ஓயாத அருப்புக்கோட்டையானாலும் சரி, பழைய கதவு பெரும்பாலும் முழுப் பலகைதான். வெளிச்சம் வேண்டுமென்றால் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. கையில் நாலு காசு புரண்ட பிறகுதான் கதவின் மேல்பாதியில் சதுரம் சதுரமாகக் கண்ணாடி ஏறியது.

அது உடைந்தால் அன்றைக்கு ஒரே ஆள்: ஆசாரி. கண்ணாடியைப் பிடித்திருக்கும் காய்ந்த மக்கை மொட்டை உளியால் தட்டி எடுப்பார். கண்ணாடி உட்காரும் காடியைச் சுரண்டித் துடைத்து எண்ணெய் தடவுவார். அதை விட்டால் காய்ந்த மரம் மக்கிலுள்ள எண்ணெயைக் குடித்துவிடும்; மக்கு பொடியாக உதிரும். சாக் பவுடரில் லின்சீட் ஆயில் விட்டுப் பிசைந்த மக்கை மெல்லிசாகப் பரப்பி, கண்ணாடியை அழுத்தி, கொண்டையில்லாத சின்ன ஆணிகளால் நிறுத்தி, வெளிப்பக்கம் சரிவாக மக்கு இழுத்துவிடுவார். சரிவு மழைத்தண்ணீர் வழிய. இந்தச் சீமையில் மழை ஐப்பசி, கார்த்திகையோடு சரி. மக்கின் நிஜ எதிரி வெயில். மேற்கு பார்த்த கதவில் அது சில வருஷத்தில் கல்லாகி வெடித்துவிடும். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால் போதும், பிடி விட்ட கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும்.

கண்ணாடியும் மாறிவிட்டது. பழைய ஷீட் கண்ணாடி வழியே பார்த்தால் தெரு லேசாக நெளியும். உருக்கிய தகரத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிடும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை 2000இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று கடையில் கிடைப்பது நெளியாத அந்த ஃப்ளோட் கண்ணாடிதான். நான்கில் ஒன்றை மட்டும் மாற்றிய கதவில் பாருங்கள்: மூன்றில் மின்கம்பம் வளைந்து நிற்கும், ஒன்றில் நேராக நிற்கும். எனக்கு அந்த வளைந்த கம்பம்தான் பிடிக்கும். அதற்கு நியாயம் எதுவும் சொல்லத் தெரியாது.

இப்போது வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர் மரத்தைத் தொடமாட்டார், ஆசாரி கண்ணாடியைத் தொடத் தயங்குவார். நடுவில் வந்து நிற்பது சிலிக்கான் குழாய். வெயிலுக்கு வெடிக்காது, உண்மைதான். ஆனால் அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. மறுபடி உடைந்தால் பிளேடால் அறுத்து எடுப்பதற்குள் காடியும் சிதையும். அதற்குப் பயந்தே நல்ல தேக்குக் கதவைக் கழற்றி விற்றுவிட்டு இரும்புக் கதவு மாட்டுகிறவர்கள் உண்டு. மெல்லிசாக சிலிக்கான் வைத்து, உள்பக்கம் திருகாணி போட்ட மர பீடிங் அடிப்பதே என் கட்சி. வெளியிலிருந்து திருடன் கழற்ற முடியாது, வீட்டுக்காரர் கழற்றலாம்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது மட்டும் உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்க வேண்டாம். பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் இங்கே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்குமோ. நனைத்துச் சுரண்டுவதே நல்லது.

அளவு எடுக்கும்போது டேப்பை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் வற்றி மழையில் ஊதிய சட்டத்தில் நான்கு மூலையும் நேராக இருப்பது அபூர்வம். காடிக்குள் அட்டையை வைத்து வெட்டி, சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்துக் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் அந்த அட்டையைப் பார்த்தே டைமண்ட் கட்டரை ஓட்டிவிடுவார்.