சிறிய எஞ்சினும் சீரான சூடும்

நுழையும்முன்

ரிமோட் கார் ஓட்டுவது ஒரு பொழுதுபோக்கு. ஆனால், எரிபொருளால் ஓடும் ரிமோட் காரைப் பழுதின்றிப் பேணுவதற்கு அறிவியல் அறிவும் பொறுமையும் வேண்டும். அத்தகைய காரின் எஞ்சின் ஏன் சூடாகிறது, அச்சூட்டை எவ்வாறு அளவோடு நிறுத்துவது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கைக்குள் அடங்கும் எஞ்சின்

ரிமோட் கார்களுள் பெரும்பாலானவை மின்கலத்தால் ஓடுகின்றன. சிலவற்றில் மட்டும் உண்மையான எஞ்சின் பொருத்தப்பட்டிருக்கும். இவற்றை நைட்ரோ கார்கள் என்பர். மெய்யான காரின் எட்டில் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் பந்தயக் காரின் எஞ்சின் 3.5 கனசென்டிமீட்டர் கொள்ளளவே உடையது. அது ஒரு தேக்கரண்டி நீருக்கும் குறைவான இடமாகும். எனினும், அவ்வெஞ்சின் நிமிடத்திற்கு 30,000 சுற்றுகளுக்கு மேல் சுழல வல்லது. சாலையில் செல்லும் சாதாரணக் காரின் எஞ்சின் 7,000 சுற்றுகளைத் தாண்டுவதே அரிது.

இத்துணை விரைவாகச் சுழலும் எஞ்சினில் வெப்பம் மிகுதியாகத் தோன்றும். பெரிய கார்களில் அவ்வெப்பத்தை அகற்ற நீரும் ரேடியேட்டரும் உள்ளன. நைட்ரோ காரில் அவை இல்லை. எஞ்சினின் தலைப்பகுதியில் அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். கார் ஓடும்போது வீசும் காற்று, அவ்வடுக்குகளின் இடையே புகுந்து வெப்பத்தைக் கொண்டுசெல்கிறது.

எரிபொருள் செய்யும் மூன்று பணிகள்

காற்று மட்டுமே எஞ்சினைக் குளிர்விப்பதில்லை. எரிபொருளும் அப்பணியைச் செய்கிறது. நைட்ரோ எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகிய மூன்றின் கலவையாகும்.

மண்பானையில் ஊற்றிய நீர் குளிர்ந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மெத்தனாலும் அவ்வாறே ஆவியாகும்போது எஞ்சினின் வெப்பத்தை ஈர்க்கிறது. ஒரே எடையுள்ள பெட்ரோல் ஆவியாவதற்குத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் மெத்தனாலுக்குத் தேவை.

மூன்றாம் பொருளான எண்ணெய், உராய்வைக் குறைக்கிறது. இவ்வெஞ்சினில் மசகெண்ணெய்க்கெனத் தனித்தொட்டி கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெயே பிஸ்டனையும் தாங்கிகளையும் காக்கிறது. இதற்குச் செயற்கை எண்ணெயோடு ஆமணக்கெண்ணெயும் பயன்படுகிறது. நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என வழங்குவது இதுவே. உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. அதிலும் முதலிடம் குஜராத்துக்கு உரியது.

ஆகவே எரிதல், குளிர்வித்தல், உராய்வைக் குறைத்தல் என்னும் முப்பணிகளையும் எரிபொருளே செய்கிறது. எரிபொருள் குறைந்தால் மூன்றும் ஒருங்கே குறையும்.

ஊசித்திருகும் விரைவின் ஆசையும்

எஞ்சினுக்குள் செல்லும் எரிபொருளின் அளவைக் கார்புரேட்டரில் உள்ள ஊசித்திருகு கட்டுப்படுத்துகிறது. அதனை வலஞ்சுழியாகத் திருகினால் எரிபொருள் குறையும். இடஞ்சுழியாகத் திருகினால் மிகும்.

எரிபொருள் மிகுந்தால், கார் புகையைக் கக்கிக்கொண்டு மந்தமாக ஓடும். திருகைச் சிறிது இறுக்கினால் விரைவு கூடும். இன்னும் சிறிது இறுக்கினால் மேலும் கூடும். பலரும் ஏமாறும் இடம் இதுதான். விரைவு கூடும்போதே குளிர்ச்சியும் எண்ணெயும் குறைந்துகொண்டிருக்கும். கார் மிக நன்றாக ஓடுவதாகத் தோன்றும் அந்நேரத்திற்குப் பின் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் தேய்ந்து எஞ்சின் பாழாகலாம். விரைவை மட்டும் நோக்குபவர் இவ்வழிவைக் காண்பதில்லை. புகையை நோக்குபவர் கண்டுகொள்வார். எஞ்சின் முழுவிரைவில் ஓடும்போது, புகைபோக்கியிலிருந்து மெல்லிய வெண்ணீலப் புகை தொடர்ந்து வரவேண்டும். புகை நின்றுவிட்டால் எண்ணெய் போதவில்லை என்பது பொருள்.

வெப்பத்தை அளக்கும் முறை

பொதுவாக, இவ்வகை எஞ்சினின் தலைப்பகுதி 95 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் இருப்பது நன்று. இவ்வளவு எஞ்சினுக்கு எஞ்சின் சிறிது மாறுபடும். எனவே, எஞ்சினோடு வரும் கையேட்டில் குறித்துள்ள அளவையே பின்பற்ற வேண்டும்.

தொடாமலே வெப்பநிலையைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இதற்கு ஏற்ற கருவி. கார் முழுவிரைவில் சில சுற்றுகள் ஓடி நின்றவுடன், எஞ்சின் தலையின் நடுவில் உள்ள குளோ பிளக்கை நோக்கி, மேலிருந்து அளக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தை, ஒரே தொலைவிலிருந்து அளந்தால்தான் அளவுகளை ஒப்பிட முடியும்.

வெப்பமானி இல்லாதவர் ஒரு துளி நீரைத் தலைப்பகுதியில் விட்டுப் பார்க்கலாம். துளி மெல்லச் சீறி, மூன்று முதல் ஐந்து நொடிகளில் மறைந்தால் சூடு சரியான அளவில் உள்ளது. விழுந்த கணமே மறைந்தால் சூடு மிகுதி. கொதிக்காமல் அப்படியே தங்கினால் சூடு போதவில்லை.

சூடு மிகுந்திருப்பின் உடனே எஞ்சினை நிறுத்தி, அது தானே ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். விரைந்து ஆற்றும் எண்ணத்தில் நீரை ஊற்றக்கூடாது. பின்னர் ஊசித்திருகை இடஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, ஓட்டி, மீண்டும் அளக்கவேண்டும். அலுமினிய அடுக்குகளில் சேறு படிந்துள்ளதா, காரின் மேல்மூடியில் காற்று புக வழியுண்டா, பிரேக் சக்கரத்தை உரசுகிறதா என்பனவற்றையும் காணவேண்டும்.

குளிர்ச்சி மிகுவதும் கேடே

அவ்வாறாயின், எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லதா? இல்லை. பெரும்பாலான நைட்ரோ எஞ்சின்களில் பிஸ்டன் அலுமினியக் கலவையாலும், அதைச் சூழ்ந்த உறை குரோமியம் பூசிய பித்தளையாலும் ஆனவை. உறை, மேற்பகுதியில் சற்றே குறுகியிருக்கும். எனவே, குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் உச்சியை அடையும்போது இறுகிப் பிடிக்கும். சூடேறியபின் பித்தளை விரிந்து, இரண்டும் அளவாகப் பொருந்தும். போதிய சூடின்றி ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் உரசித் தேயும்.

இதனால்தான் குளிர்காலத்தில் சிலர் எஞ்சின் தலையின் ஒரு பகுதியை அலுமினியத் தாளால் சுற்றுகின்றனர். ஓட்டி முடித்தபின், பிஸ்டன் அடிப்பகுதியில் நிற்குமாறு திருப்பி வைப்பதும் நல்வழக்கம். இல்லாவிடில் ஆறிச் சுருங்கும் உறை பிஸ்டனை இறுகப் பற்றிக்கொள்ளும்.

பருவத்திற்கேற்ற கலவை

தில்லியில் மே மாதப் பிற்பகலில் சீராக ஓடிய கார், சனவரிக் காலையில் அதே திருகு நிலையில் சீராக ஓடாது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அதில் ஆக்சிஜன் மிகுதி. ஆகவே, பழைய அளவு எரிபொருள் இப்போது போதாது. திருகைச் சிறிது தளர்த்தவேண்டும். ஆனால், குளிர்காற்று எஞ்சினை வெளியிலிருந்து குளிர்விப்பதால் வெப்பமானி அச்சமற்ற ஓர் எண்ணையே காட்டக்கூடும். எண்ணை மட்டும் நம்பினால் எண்ணெய்க்குறை தெரியாமற்போகும். வெப்பநிலை ஓர் அடையாளமே. அதனைப் புகையோடும் ஒலியோடும் சேர்த்துப் பார்ப்பவரே எஞ்சினின் நிலையைச் சரியாக அறிவார்.

நினைவில் கொள்க

மெத்தனால் நச்சுத்தன்மை உடையது. அதன் சுடர் பகலொளியில் கண்ணுக்குப் புலப்படாது. எரிபொருளைப் பெரியவர்களே, திறந்த வெளியில், எஞ்சின் ஆறியபின் நிரப்பவேண்டும். அது தோலில் பட்டால் உடனே கழுவுக. ஓடி நின்ற எஞ்சினையும் புகைபோக்கியையும் தொடாதீர்.

அருஞ்சொற்பொருள்

பேணுதல் – காத்தல்
உராய்வு – உரசல்
மசகெண்ணெய் – உராய்வைக் குறைக்கும் எண்ணெய்
வலஞ்சுழி – கடிகார முள் சுழலும் திசை
இடஞ்சுழி – அதற்கு எதிர்த்திசை

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. விளக்கெண்ணெய் 2. அவ்வெப்பம் 3. முப்பணி

ஆ. இலக்கணக்குறிப்பு தருக.
1. எரிபொருள் 2. வெப்பமும் குளிர்ச்சியும்

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. எரிபொருள் செய்யும் மூன்று பணிகள் யாவை?
2. புகை நின்றுவிட்டால் எஞ்சினுக்கு நேர்ந்துள்ள குறை யாது?

ஈ. ஒரு பத்தியில் விடை தருக.
குளிர்காலத்தில் வெப்பமானியை மட்டும் நம்பக்கூடாது என்பதற்குரிய காரணத்தை விளக்குக.

உ. சிந்தித்து எழுதுக.
‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்னும் பழமொழி, எஞ்சினின் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் எவ்வாறு பொருந்துகிறது? உங்கள் வீட்டில் பயன்படும் ஒரு பொருளைச் சான்றாகக் கொண்டு விளக்குக.