காலி அலைவரிசையைத் தேடும் ‘அறிதிறன் வானொலி’: வன்பொருளில் என்ன சிக்கல்?

திருவனந்தபுரம்: கடந்த 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களைச் சேர்ந்த மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கைப்பேசிக் கோபுரங்களின் எல்லைக்கு அப்பால் இருந்த அவர்களில் பலருக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை.

மறுபுறம், நெடுந்தொலைவு செல்லக்கூடிய தொலைக்காட்சி அலைவரிசைகளில் பெரும்பகுதி பயன்பாடின்றிக் கிடக்கிறது. 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 15 அலைவரிசைகளில் குறைந்தது 12, நாட்டின் ஏறத்தாழ எல்லாப் பகுதிகளிலும் காலியாக இருப்பதாக மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2014-இல் கணக்கிட்டனர்.

இத்தகைய காலியிடத்தைத் தானே கண்டறிந்து பயன்படுத்தி, உரிமம் பெற்றவர் வந்ததும் விலகிக்கொள்ளும் கருவியே ‘அறிதிறன் வானொலி’. அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் மிட்டோலா 1999-இல் இக்கருத்தை முன்வைத்தார். எனினும், அதற்கேற்ற வன்பொருளை உருவாக்குவது எளிதாக இல்லை.

இரைச்சலுக்குள் தேடல்

முதல் சிக்கல், நுண்ணிய சமிக்ஞையை உணர்வது. 2011-இல் வெளியான ஐஇஇஇ 802.22 தரநிலையின்படி, டிஜிட்டல் தொலைக்காட்சி சமிக்ஞை ஒரு வாட்டின் 10 கோடி கோடியில் 4 பங்கு அளவே இருந்தாலும் கருவி அதைக் கண்டறிய வேண்டும். இது, 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் இயல்பாக எழும் வெப்ப இரைச்சலில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே.

இரண்டாவது, ஏற்றத்தாழ்வு. அருகிலுள்ள கோபுரத்தின் சமிக்ஞை 10 மைக்ரோவாட் அளவில் வந்தால், அது மேற்கண்ட அளவைப்போல் 250 கோடி மடங்கு வலிமையானது. 12 பிட் டிஜிட்டல் மாற்றி கோட்பாட்டளவில் சுமார் 2.5 கோடி மடங்கு வேறுபாட்டையே கையாளும். எனவே, வலிய சமிக்ஞையை முன்கூட்டியே தடுக்கும் வடிகட்டி தேவை. அலைவரிசை மாறும்போதெல்லாம் அந்த வடிகட்டியும் மாற வேண்டும் என்பதால் செலவும் அளவும் கூடுகின்றன.

மூன்றாவது, பேசும்போது கேட்க இயலாமை. கருவியின் சொந்த ஒலிபரப்பே அதன் ஏற்பியை மூழ்கடித்துவிடும். ஆகவே இடையிடையே ஒலிபரப்பை நிறுத்திக் கேட்க வேண்டும். உரிமதாரர் வந்தால் 2 விநாடிகளுக்குள் கண்டறிய வேண்டும் என்கிறது அதே தரநிலை.

தரவுத்தளம் போதுமா?

இச்சிக்கல்களுக்கிடையே, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2010-இல் மாற்றுவழியைத் தேர்ந்தது. தன் இருப்பிடத்தைத் தெரிவித்துத் தரவுத்தளத்திலிருந்து காலி அலைவரிசைப் பட்டியலைப் பெறும் கருவிகளுக்கு, உணர்தல் கட்டாயமில்லை என அது அறிவித்தது.

ஆனால், தரவுத்தளத்தை அணுகவே இணைய இணைப்பு வேண்டும். புயலில் கோபுரங்கள் சாய்ந்தாலோ, படகு ஆழ்கடலுக்குச் சென்றாலோ அது கிடைக்காது. அந்நிலையில் கருவி தன் செவியையே நம்பியாக வேண்டும். திருவனந்தபுரம் சி-டாக் உள்ளிட்ட மையங்கள் ஈடுபட்டுவரும் மென்பொருள்வழி வானொலித் தொழில்நுட்பமே இதற்கு அடித்தளம். மென்பொருளை ஒரு நொடியில் மாற்றிவிடலாம். ஆன்டெனா, வடிகட்டி, பெருக்கி ஆகியவற்றை அவ்வாறு மாற்ற இயலாது என்பதே எஞ்சியிருக்கும் சவால்.