அழுகண்ணி

பூச்சி புல்லைத் தின்பது உலக வழக்கம். புல்லே பூச்சியைத் தின்னும் அதிசயமும் உண்டு. அதைக் காண அயல் நாடு செல்ல வேண்டுவதில்லை. மாரிக்காலத்தில் நம் தமிழகத்து ஈர மணற்பாங்குகளில் குனிந்து தேடினால் போதும்.

இலை முழுதும் துளி ததும்ப நிற்கும் இப்பூண்டை அழுகண்ணி என்பது தமிழ் வழக்கு. தாவர சாஸ்திரிகள் வழங்கும் ‘ட்ரோஸெரா’ என்ற பெயரோ, பனித்துளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அவர்கள் கண்டது பனி. நம்மவர் கண்டது கண்ணீர். உண்மையில் இரண்டும் அன்று, அது பசை. துளியில் ஒட்டிய பூச்சியை இலையின் ரோமங்கள் வளைந்து அமுக்குகின்றன. ஜீரண நீர் சுரந்து கரைக்கிறது. சத்தற்ற மண்ணில் கிடைக்காத நைட்ரஜனை அழுகண்ணி இவ்வாறு பெறுகிறது. ஐரோப்பிய இனமொன்றை 1860-ல் ஆராயத் தொடங்கிய டார்வின், 1875-ல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிப் பெருநூலே வெளியிட்டார்.

நம் நாட்டில் மூன்று இனங்களை எளிதில் அறியலாம். தரையோடு படிந்து, ரூபாய் நாணயம் போல வட்டமாக இலை விரித்து, வெண்பூப் பூப்பது ‘பர்மன்னி’; இதன் ஓர ரோமங்கள் சில விநாடிகளிலேயே மடங்கும். நிமிர்ந்த தண்டும் நூல் போன்ற நீண்ட இலைகளும் உடையது ‘இண்டிகா’. மதுரைக்கு மேற்கே கோடைக்கானல் போன்ற உயர்ந்த மலைகளில், கேடய வடிவச் சிற்றிலைகளுடன் வளர்வது ‘பெல்டேட்டா’. மண்ணுக்குள் கிழங்கு வைத்து வறட்சியைக் கடப்பது இது.

சமவெளி இனங்கள் இரண்டையும் வீட்டிலேயே வளர்க்கலாம். கழுவிய ஆற்று மணலுடன், உப்புப் போகப் பலமுறை அலசிய தென்னை நார்த்தூளைக் கலந்து சட்டியில் இடுக. பொடி போன்ற விதைகளை மேலே தூவுக, மண்ணால் மூடலாகாது. சட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, நல்ல வெளிச்சம் படச் செய்க. மழை நீரோ வாலை வடித்த நீரோதான் ஏற்றது. மதுரையின் உவர்க் கிணற்று நீர் இதற்கு நஞ்சு. எருவும் கூடாது; இறைச்சித் துண்டும் கூடாது. பூச்சிகளை அதுவே பிடித்துக்கொள்ளும். காய்த்தபின் செடி பட்டுப்போனால் வருந்தற்க. விதையைச் சேர்த்து வைத்தால் அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கும்.

ஒன்று மட்டும் வேண்டுகிறோம். செடியைப் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள். முற்றிய காய் ஒன்றிரண்டில் விதை எடுத்து, மற்றவற்றை மண்ணுக்கே விடுங்கள். ‘பயனற்ற பொட்டல்’ என்று நாம் இகழ்ந்து எருவிட்டும் மேடாக்கியும் வீடு கட்டியும் மாற்றும் நிலமே அழுகண்ணியின் தாயகம். வளமான மண்ணில் மற்றப் புற்கள் ஓங்கி இதனை மறைத்து அழித்துவிடும். நம் மக்கள் இதன் பெயரை அறிந்து, பிள்ளைகளுக்கும் காட்டி வந்தால், அந்தப் பொட்டலில் ஒரு மூலையையேனும் விட்டுவைக்க மனம் வரும்.