தீபாவளிக்கு அரிசி குவிகிறது, பொங்கலுக்குப் பிறகு டயப்பர் இல்லை: முதியோர் இல்லங்களுக்குச் சேவை மன்றங்கள் எப்படிக் கைகொடுக்கலாம்?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே முதியோர் இல்லங்களின் வாசலில் வேன்கள் வரிசை பிடிக்கத் தொடங்கிவிடும். அரிசி மூட்டை, சமையல் எண்ணெய், மைலோ, பிஸ்கட், முறுக்கு டின், புதுச் சேலை, புதுக் கைலி எல்லாம் இறங்கும். மாலை, பேச்சு, மாதிரி காசோலை, குழுப்படம் என்று ஒரு நிகழ்ச்சி முடிவதற்குள் அடுத்த குழு வந்து நிற்கும்.

பொங்கல் முடிந்ததும் அந்த வாசல் அமைதியாகிவிடும். மின்சாரக் கட்டணம், வாடகை, பராமரிப்பாளர் சம்பளம் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வரும்.

லயன்ஸ், ரோட்டரி போன்ற சேவை மன்றங்களும், கோயில் இளைஞர் பிரிவுகளும், குடியிருப்பாளர் சங்கங்களும் நம் வட்டாரங்களில் நல்ல மனத்தோடு உதவி செய்து வருகின்றன. அந்த உதவி இல்லத்தின் உண்மையான தேவையைப் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு இல்லங்கள் எப்படி இயங்குகின்றன, மன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்ற இரண்டையும் அறிந்துகொள்ள வேண்டும்.

இல்லத்துக்கு வருகிறவர்கள் யார்?

தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்து கிடைத்த வீடு. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் முப்பது நாற்பது வருடம் உழைத்தவர்கள், ஓய்வு பெற்ற பிறகு பட்டணத்து அடுக்குமாடியில் பிள்ளைகளோடு ஒண்டிக்கொள்ள நேர்ந்தது. 1980-களிலும் 1990-களிலும் பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது இந்த இடப்பெயர்ச்சி இன்னும் வேகம் பிடித்தது.

நாட்கூலியில் சேர்ந்த ஊழியர் சேமநிதி பெரிய தொகையாக இருப்பதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்றே 2013-இல்தான், தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பே வேலையை முடித்துக்கொண்டவர்களின் சேமிப்பு எவ்வளவு இருக்கும் என்று ஊகிப்பது சிரமமில்லை.

இரண்டு அறை வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பக்கவாதம் வந்து படுத்த தாயைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிள்ளைகள் கைவிட்டார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாத குடும்பங்களும் நிறைய உண்டு. திருமணம் ஆகாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், மருத்துவமனையிலிருந்து கூட்டிப்போக யாரும் வராதவர்கள் ஆகியோரும் இந்த இல்லங்களுக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

சேவை மன்றம் என்பது என்ன?

1905 பிப்ரவரி 23-ஆம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தம் நண்பர்கள் மூவரோடு தொடங்கியது ரோட்டரி. உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழற்சியாகக் கூடியதால் அந்தப் பெயர் வந்தது. லயன்ஸ் இயக்கமும் அதே சிகாகோவில்தான், 1917-இல், காப்புறுதித் தொழிலில் இருந்த மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் உருவானது. 1925-இல் பார்வையும் செவித்திறனும் இழந்த ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் விடுத்த வேண்டுகோளுக்குப் பிறகு, கண் சிகிச்சை அதன் தனி அடையாளமாகிவிட்டது. கண் பரிசோதனை முகாம் என்றாலே நம் ஊரில் லயன்ஸ் கிளப் நினைவுக்கு வருவதற்குக் காரணம் இதுதான்.

இந்த மன்றங்களைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, பணம். லயன்ஸ் விதிப்படி உறுப்பினர் சந்தா ஒரு கணக்கிலும், பொதுமக்களிடம் திரட்டும் நிதி வேறொரு கணக்கிலும் இருக்க வேண்டும். விருந்து, கூட்டம், பதவியேற்பு ஆகிய நிர்வாகச் செலவுகள் சந்தாவிலிருந்துதான் போக வேண்டும். மக்கள் கொடுத்த பணம் மக்கள் சேவைக்கே திரும்ப வேண்டும். விருந்து நுழைவுச்சீட்டு விற்றோ நடையோட்டம் நடத்தியோ நிதி திரட்டும் கிளப்பிடம் இந்தக் கணக்கைக் கேட்பதில் தவறில்லை.

இன்னொன்று, ஆண்டு. லயன்ஸ், ரோட்டரி இரண்டிலும் ஆண்டு என்பது ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரை. தலைவர் பொதுவாக ஓர் ஆண்டுதான் பதவியில் இருப்பார். ஒவ்வொரு புதிய தலைவரும் தமக்கென்று ஒரு திட்டம் வைத்துக்கொள்ள விரும்புவது இயல்பு. ஆனால், இல்லத்தின் பக்கம் நின்று பார்த்தால் சென்ற ஆண்டு வந்த கிளப் இந்த ஆண்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. உதவி பாதியில் அறுந்துபோவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்

30 பேர் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 கிராம் அரிசி என்றால் நாளுக்கு 6 கிலோ, மாதத்துக்கு 180 கிலோ ஆகும். அதாவது 10 கிலோ மூட்டையில் 18 மூட்டை. தீபாவளி வாரத்தில் ஐந்து குழுக்கள் ஆளுக்கு 20 மூட்டை இறக்கினால் 100 மூட்டை சேர்ந்துவிடும். அது ஐந்தரை மாத அரிசி. நம் நாட்டு வெப்பத்தில் அவ்வளவு நாள் அடுக்கி வைத்தால் வண்டு விழாமல் இருக்காது.

அந்த 30 பேரில் 12 பேர் படுத்த படுக்கையாக இருந்தால், ஆளுக்கு நான்கு என்று ஒரு நாளைக்கு 48 டயப்பர் வேண்டும். மாதம் 1,440. ஒன்று ஒன்றரை வெள்ளி என்று வைத்தாலும் மாதம் 2,160 வெள்ளி ஆகிறது. காசு இல்லாத மாதத்தில் மாற்றும் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். அப்போது தோல் வெந்துபோகும், படுக்கைப் புண் வரும், கடைசியில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரும்.

அடுத்தது ஆள் பலம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. இரவு பகல் பார்த்துக்கொள்ள ஆறு பராமரிப்பாளர்கள் இருந்தால் சம்பளம் மட்டும் 10,200 வெள்ளி. சேமநிதியும் சொக்சோவும் தனி. இல்லத்தின் மிகப் பெரிய செலவு பெரும்பாலும் இதுதான். சம்பளத்துக்குப் பணம் கொடுத்தால் படம் எடுத்துப் போட எதுவும் இருக்காது என்பதால் இதற்கு நன்கொடை கிடைப்பதுதான் ஆக அரிது.

அரசு கிளினிக்கில் கட்டணம் பெரிய பிரச்சினை இல்லை. அங்கே போய்ச் சேருவதுதான் பிரச்சினை. சக்கர நாற்காலியில் இருப்பவரை வேனில் ஏற்றி, நீரிழிவு, இரத்த அழுத்தப் பரிசோதனைக்குக் கூட்டிச்சென்று, வரிசையில் காத்திருந்து திரும்ப அரை நாள் ஆகும். அந்த நேரம் முழுவதும் ஒரு பராமரிப்பாளர் இல்லத்தில் இருக்க மாட்டார்.

கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி

‘என்ன கொடுக்கப் போகிறோம்’ என்று கிளப் கூட்டத்தில் முடிவு செய்வதற்கு முன், ‘உங்களுக்கு எந்த மாதம் எது குறைகிறது’ என்று இல்லத்தாரிடம் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். நேரில் போய், சமையலறையையும் சாமான் அறையையும் பார்த்து, பராமரிப்பாளர்களிடமும் பேசினால் இன்னும் தெளிவு கிடைக்கும்.

அதன்பின் வட்டாரத்துக் குழுக்கள் தங்களுக்குள் மாதங்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தீபாவளி மாதத்தை ஒருவருக்கு விட்டுவிட்டு, மற்றவர்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்டு என்று எடுத்துக்கொண்டால் அரிசிக்கு வண்டும் வராது, டயப்பருக்குத் தட்டுப்பாடும் வராது.

கிளப் ஒன்று ஓர் இல்லத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானம் நிறைவேற்றி, அதை அடுத்த தலைவர்களுக்கும் ஒப்படைக்கலாம். ஒரு பராமரிப்பாளரின் சம்பளத்தை மட்டும் ஏற்பதாக இருந்தால், 1,700 வெள்ளியை 34 உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளும்போது ஆளுக்கு மாதம் 50 வெள்ளிதான் வரும்.

பணத்தைவிடப் பெரிய சொத்து ஒன்றும் இந்த மன்றங்களிடம் இருக்கிறது. அது உறுப்பினர்களின் தொழில். பல் மருத்துவர், கண்ணாடிக் கடைக்காரர், மின்கம்பியாளர், குழாய் வேலை செய்பவர், கணக்காய்வாளர், வழக்கறிஞர் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துவதும் வழுக்காத தரை போடுவதும் ஒரு வார இறுதியில் முடிகிற வேலைதான். ஒரு பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிடாமல் அது தடுக்கும். கண்புரையால் பார்வை மங்கியவரைக் கண்டுபிடித்து அரசு மருத்துவமனையில் பதிந்துவிட்டால், அவர் தம் கையாலேயே சாப்பிடும் நிலைக்குத் திரும்பலாம்.

வழக்கறிஞருக்கும் அங்கே வேலை உண்டு. சிவப்பு அடையாள அட்டையோடும், சில வேளைகளில் எந்தப் பத்திரமும் இல்லாமலும் வரும் தோட்டத்துப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறந்த தோட்டத்தின் பெயர், படித்த பள்ளி, பழைய சம்பளச் சீட்டு என்று தேடி எடுத்துத் தேசியப் பதிவிலாகாவுக்கு அலைய ஒருவர் துணை நின்றால் அது பத்து மூட்டை அரிசிக்கு மேல்.

வீட்டிலேயே இருக்க முடிகிற முதியவருக்கும் இதே கை உதவும். வறுமையில் வாடும் முதியோருக்குச் சமூக நல இலாகா வழங்கும் மாத உதவி 2025-இல் 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்ந்தது. பாரம் நிரப்பத் தெரியாததாலேயே அதைக் கேட்காமல் இருப்பவர்கள் உண்டு.

இடைநிலைப் பள்ளிகளில் இயங்கும் லியோ, இண்டராக்ட் மாணவர்களையும் இதில் சேர்க்கலாம். பேச்சுத் துணைதான் முதியவர்களுக்குப் பெரும் பசி. மாதம் இருமுறை வந்து பத்திரிகை படித்துக் காட்டி, தாயம் விளையாடி, பழைய தோட்டக் கதை கேட்டுப் போகும் பிள்ளைகளை அவர்கள் பெயர் சொல்லி எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

மானமும் ஒரு தேவைதான்

பகல் 12 மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய நீரிழிவு நோயாளியை, சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று 2 மணி வரை உட்கார வைப்பது ஆபத்து. இனிப்பைக் கொண்டுவந்து ஊட்டிப் படம் எடுப்பதும் அப்படித்தான். உழைத்து வாழ்ந்தவர்கள் கையேந்தி நிற்பதுபோல் வரும் படம், எங்கோ இருக்கும் அவர்களின் பேரப்பிள்ளைகள் கண்ணிலும் படும். படம் எடுக்கும் முன் அவர்களைக் கேட்க வேண்டும். முகத்தைக் காட்டாமலும் செய்தி போடலாம்.

கொடுப்பவர் சரிபார்க்க வேண்டியவை

1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையங்கள் சட்டப்படி, நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைப் பார்க்கக் கேட்பது அவமதிப்பு ஆகாது. தீயணைப்பு, சுகாதார விதிமுறைகளை நிறைவு செய்ய முடியாமல் பதிவுக்குத் திணறும் சிறிய இல்லங்களும் இருக்கின்றன. தீயணைப்புக் கருவி, அவசர வழி, மின்கம்பி மாற்றம் ஆகியவற்றுக்கு உதவி செய்து அந்த இல்லத்தைப் பதிவு வரை கொண்டுசேர்ப்பது ஒரு கிளப் செய்யக்கூடிய சிறந்த திட்டங்களில் ஒன்று.

வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் ரொக்க நன்கொடைக்கு, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக் கழிவு கிடைக்கும். எல்லா இல்லங்களுக்கும் இந்த அங்கீகாரம் இருக்காது. ரசீதில் அதன் விவரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு வீடாகவும் சாப்பாட்டுக் கடைகளிலும் உண்டியலோடு வருபவர்களிடம் கொடுப்பதைவிட, இல்லத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்குவது நல்லது.

கிளப்பில் இல்லாதவர்களும்

பிறந்தநாள், திருமண நாள், பெற்றோரின் திதி ஆகியவற்றுக்கு இல்லத்தில் அன்னதானம் செய்வது நம்மவர்களிடம் நல்ல பழக்கமாகிவிட்டது. முன்கூட்டியே அழைத்துத் தேதி கேட்டால் ஒரே நாளில் மூன்று வீட்டுச் சாப்பாடு வந்து வீணாவதைத் தவிர்க்கலாம். அந்தத் தேதியில் ஏற்கனவே ஆள் இருந்தால், சாப்பாட்டுச் செலவை அந்த மாத மின்சாரக் கட்டணத்துக்கோ டயப்பருக்கோ கொடுத்துவிடலாம். புண்ணியம் ஒன்றும் குறைந்துவிடாது.

வரும் தீபாவளிக்கு எந்த இல்லத்துக்குப் போவது என்று இப்போதே பேசத் தொடங்கியிருக்கும் குழுக்கள், அந்த இல்லத்துக்கு இன்று ஒரு தொலைபேசி அழைப்பு செய்யலாம். இந்த மாதம் என்ன குறைகிறது என்று கேட்டால், பட்டியல் அங்கே தயாராகவே இருக்கும்.