ஆறு படங்களும் ஒரு துள்ளிசை இரவும்

ஈழத்திலே தமிழ்த் திரைப்படத்தின் கதையை எழுதப் புகுவோர் 1978ஆம் ஆண்டுக்கு வந்ததும் சற்றே நின்று மூச்சு வாங்கிக்கொள்வது நலம். 1962இல் ‘சமுதாயம்’ என்னும் படத்தோடு தொடங்கி, முப்பது ஆண்டுகளில் முப்பது படங்களைத்தானும் எட்டிப் பிடிக்காத துறை அது. அத்தகைய துறையிலே அந்த ஓர் ஆண்டில் மாத்திரம் ஆறு படங்கள் திரைக்கு வந்தன. ‘வாடைக்காற்று’, ‘நான் உங்கள் தோழன்’, ‘ஏமாளிகள்’, ‘தென்றலும் புயலும்’, ‘தெய்வம் தந்த வீடு’, ‘அநுராகம்’ என்பன அவை. ஆடிக்கொருக்கால் அமாவாசைக்கொருக்கால் பாயசம் காணும் வீட்டில், ஒரே மாதத்தில் ஆறு கல்யாணம் நடந்தாற் போலிருந்தது.

அப்பொழுது எனக்குப் பதின்மூன்று வயது. ஹெவ்லொக் டவுனில், பெருந்தெருவிலிருந்து பிரியும் ஒரு சிற்றொழுங்கையில் எங்கள் வாடகை வீடு இருந்தது. வெள்ளவத்தை நெசவாலையின் சங்கொலிதான் எங்களுக்கு மணிக்கூடு. இன்று அந்த ஆலை நின்ற நிலத்திலே வானைத் தொடும் மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன; அங்கு வசிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கைப் பற்றிச் சொன்னால் வியப்பாகத்தான் இருக்கும். வீட்டிலே ஐயா, அம்மா, அக்கா, நான், மாரி காலத்தை எங்களோடு கழிக்க வடமராட்சியிலிருந்து வந்திருந்த அப்பாச்சி ஆகிய ஐவர். தொலைக்காட்சி இலங்கைக்கு வந்தது 1979 ஏப்ரலில். ஆகையால், வானொலிக்கு அடுத்தபடியாகக் குடும்பம் முழுவதும் ஒன்றாயிருந்து அனுபவித்த கலை திரைப்படமே.

ஆறு படங்களும் ஒருங்கே வந்தது தற்செயல் அன்று. 1970களின் முற்பகுதியிலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் தென்னிந்தியப் படங்களின் வரவும் சஞ்சிகைகளின் வரவும் குறுகின. திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, உள்ளூர்த் தயாரிப்பாளருக்குக் கைகொடுக்க முன்வந்தது. அந்த ஊக்கத்திலே தொடங்கியவர்கள், கடன்பட்டும் காணி ஈடுவைத்தும், நண்பர்களின் தயவிலும் படத்தை முடித்துத் திரைக்குக் கொண்டுவருவதற்கிடையில், 1977இல் ஆட்சி மாறிப் பொருளாதாரக் கதவுகளும் திறந்துவிட்டன. அணை கட்டியபோது போட்ட விதை, அணை உடைந்த பிறகு பூத்தது என்று சொல்லலாம். அந்தப் பூவின் ஆயுள் குறுகியதாய் இருந்ததில் வியப்பென்ன?

அவ்வாண்டிலே எனக்கு மிகவும் பிடித்த படம் ‘வாடைக்காற்று’. செங்கை ஆழியானின் நாவலைப் பிரேம்நாத் மொறாயஸ் நெறிப்படுத்தியிருந்தார். நெடுந்தீவுக் கரைக்கு வாடைக்காற்றுக் காலத்திலே வாடியமைத்துத் தொழில் செய்ய வரும் மீனவருக்கும் அவ்வூராருக்கும் இடையே எழும் பகையும் காதலும் கதை. படப்பிடிப்பை மன்னார்ப் பேசாலைக் கரையில் நடத்தினார்கள். வைத்தியர் இந்திரகுமார், ஏ. ஈ. மனோகரன், கே. எஸ். பாலச்சந்திரன் முதலியோர் நடித்தார்கள், இசை ரீ. எப். லத்தீப்.

இதிலே என்ன சிறப்பு என்று இன்றைய மாணவர் கேட்கலாம். பேச்சுத்தான் சிறப்பு. அதற்கு முன்னர் எங்கள் நாட்டிலே எடுத்த படங்கள் பலவற்றில் பாத்திரங்கள் கோடம்பாக்கத்தில் வாடகைக்கு எடுத்து வந்ததுபோன்ற ஒரு தமிழைப் பேசின. யாழ்ப்பாணத்துத் தாய், தன் மகனைச் சென்னைத் தாய் விளிக்குமாப்போல் விளித்தாள். இலக்கியத்திலோ 1960களின் முற்பகுதியிலேயே மரபுப் போராட்டம் நடந்து, ‘இழிசனர் வழக்கு’ என்று பழிக்கப்பட்ட பேச்சுமொழி சிறுகதையிலும் நாவலிலும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வகுப்பறைகளிலும் பத்திரிகைப் பக்கங்களிலும் வென்ற அந்த வழக்கு, வெள்ளித்திரைக்கு வந்துசேர மேலும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. கடற்கரை மனிதர் தம் வாயாலேயே பேசக் கேட்டபோது, கொட்டாஞ்சேனைத் திரையரங்கொன்றின் ஓ.டி.சி. ஆசனத்திலிருந்த என் அப்பாச்சி, “உவன் எங்கடை பெடியன் எல்லோ!” என்று உரக்கச் சொல்லிவிட்டார். முன்னாலிருந்த பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சினக்கவில்லை.

படத்திற் குறை இல்லையா? நிறைய உண்டு. ஒலிப்பதிவு சில இடங்களிற் காற்றோடு போயிற்று. ‘இந்தியப் படத்துக்கு உறை போடவும் காணாது’ என்று எங்கள் ஒழுங்கைப் பெரியவர்கள் சிலர் ஒரே வரியிலே தீர்ப்புக் கூறினர். பல கோடி முதலோடும் பல்லாண்டுப் பயிற்சியோடும் வரும் படத்தையும், வைத்தியரும் அரச ஊழியரும் வானொலிக் கலைஞரும் ஓய்வு நாட்களிற் கூடி எடுத்த படத்தையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று என்பது அன்றும் என் கட்சி, இன்றும் அதுவே.

‘ஏமாளிகள்’ படத்தைப் பற்றிச் சொல்வதானால் ஈராண்டு பின்னோக்கிப் போகவேண்டும். ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற வானொலித் தொடர் நாடகம் ஒலிபரப்பாகும் நேரத்தில் வெள்ளவத்தைத் தெருவொன்றிலே நடந்து சென்றால் ஒரு வசனத்தையும் தவறவிடாமற் கேட்டுச் செல்லலாம். ஒவ்வொரு வீட்டுச் சாளரமும் அதனைத் தொடர்ந்து தந்துகொண்டிருக்கும். அது 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமாயிற்று. ராமதாஸ் என்ற தமிழர் மரிக்காராக வந்து முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசினார். அப்துல் ஹமீது ஐயராக வந்து பிராமணத் தமிழ் பேசினார். செல்வசேகரன் உபாலியாகிச் சிங்களவர் பேசும் தமிழைப் பேசினார். ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழைப் பேசினார். இவ்வாறு ஒருவர் நாவை மற்றொருவர் இரவல் வாங்கி, மற்றவரை நோகச் செய்யாமற் சிரிக்கவைத்த கலை எளிதானதன்று. செவி கூர்மையாயிருந்தாற் போதாது. அயலவனோடு பழகியிருக்கவும் வேண்டும். கொழும்பு போன்ற ஒரு நகரமே அக்கலையைப் பெற்றெடுத்திருக்க முடியும். அதே குழுவினர் 1978இல் எடுத்த ‘ஏமாளிகள்’ முன்னதன் வெற்றியை எட்டவில்லை என்பது என் எண்ணம். ஆயினும் அந்தக் குரல்களைக் கேட்பதற்காகவே இருமுறை பார்த்தேன்; இரண்டாம் முறை கலரியில்.

‘நான் உங்கள் தோழன்’ தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்தது. ‘புதிய காற்று’ படத்தினால் மலையகத் தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தவர் அவரே. இரண்டாவது படத்திலே எம்.ஜி.ஆரின் நிழல் சற்று அதிகமாகவே விழுந்திருந்தது; கலரியினருக்கோ அதுவே கொண்டாட்டமாயிற்று. ‘தெய்வம் தந்த வீடு’ அகலத்திரையில் வந்ததென்ற பெருமையோடு வந்தது. திரை அகலமாயிருந்தது, கதை அவ்வளவு அகலமில்லை. மற்றைய இரண்டையும் நான் பார்க்கக் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் பார்க்க எங்களை அழைத்துச் சென்ற ஐயா, இசை விஷயத்தில் மட்டும் கல்லாயிருந்தார். தியாகையரின் கிருதியும் நல்லூர்த் திருவிழாவின் நாதஸ்வரமும் அவருக்கு இசை. மற்றவை சத்தம். அக்காலத்திலே எங்கள் இளைஞரைப் பிடித்தாட்டிய ‘பொப்’ இசை, அதாவது துள்ளிசை, அவருடைய கணக்கிற் சத்தத்திலும் கீழானது. 1960களின் பிற்பகுதியிலே நித்தி கனகரத்தினம் கிற்றாரைக் கையிலெடுத்து ‘சின்ன மாமியே’ என்று பாடத் தொடங்கி வைத்த அலை அது. மனோகரன் அதனைப் பேரலையாக்கினார். சிங்களமும் தமிழும் கைகோத்த ‘சுராங்கனி’ 1977இற் சென்னைத் திரைப்படமொன்றிலும் ஏறியது. கடல் கடந்து பாட்டை வாங்கியே பழகிய நாம், ஒரு பாட்டைத் திருப்பி அனுப்பிவைத்தோம்!

துள்ளிசை வெறும் மேனாட்டுப் பிரதியென்று நினைப்போருக்கு ஒரு வார்த்தை. கிற்றாரும் ‘டிரம்ஸ்’ வாத்தியமும் எல்விஸ் பிரெஸ்லியின் ‘ரொக்’ இசையிலிருந்தும் பீற்றில்ஸ் குழுவினரிடமிருந்தும் வந்தவை என்பது மெய். ஆனால் அந்தத் துள்ளல் பைலாவினுடையது. போர்த்துக்கேயரும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் இக்கரையில் விட்டுச்சென்ற தாளம் அது. மட்டக்களப்புப் பறங்கியர் அதனைத் தம் கலியாண வீடுகளிற் போற்றி வைத்திருந்தனர். வொலி பஸ்தியான் என்ற காவற்றுறை ஊழியர் சிங்களத்தில் அதற்கு மேடையமைத்தார். பின்னர் கிளாரன்ஸ் விஜேவர்தன மின்கிற்றாரைக் கொணர்ந்தார். தமிழ்த் துள்ளிசை இத்தனை வாசல்களையும் கடந்து வந்த பிள்ளை.

அவ்வாண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், தென்னந்தோப்புகள் பாயாய்ச் சுருண்டு கிடந்தன. அக்காவோடு படித்த பெண்ணொருத்தியின் வீடு கூரையை இழந்ததென்ற செய்தி எங்களுக்குக் கிடைக்கவே ஒரு வாரம் சென்றது. அடுத்த மாதம், நிவாரண நிதிக்காகப் பம்பலப்பிட்டிப் பக்கத்து மண்டபமொன்றிலே துள்ளிசை நிகழ்ச்சி ஒன்று ஏற்பாடாயிற்று. அக்கா ஐந்து ரிக்கற்றுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஐயா அவற்றையே நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். “காசு குடுத்தாப் போதும்தானே, ஏன் போகோணும்?” என்றும் கேட்டார். “போகாட்டி ஆசனம் வெறுமையாக் கிடக்கும், ஐயா. பாடுற பிள்ளையளுக்கு அது மரியாதையில்லை” என்றாள் அக்கா. மரியாதை என்ற சொல்லுக்கு ஐயாவிடம் மறுமொழி கிடையாது.

ஐவரும் போனோம். முற்பகுதி முழுவதும் ஆங்கில ‘ரொக்’ பாடல்கள். ஒலிபெருக்கிகள் இரண்டு ஆளுயரத்துக்கு நின்றன. முதலாவது பாட்டிலேயே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அம்மா சேலைத்தலைப்பாற் காதைப் பொத்திக்கொண்டார். அப்பாச்சிக்கோ செவி மந்தம்; அன்றைக்குத்தான் எல்லாம் தெளிவாய்க் கேட்டதென்று பின்னர் மகிழ்ந்தார். வாத்தியக்காரருட் பெரும்பாலோர் வத்தளைப் பக்கத்துச் சிங்களவரும் பறங்கியரும். தமிழ்ச் சொற்களின் பொருள் அவர்களுக்கு விளங்கியிராது. ஆயினும் பாடகன் எந்தச் சொல்லிலே குறும்பு வைத்தானோ, அந்தச் சொல்லிலே ‘பொங்கோ’ ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தது.

பிற்பகுதியில் மட்டக்களப்பு இளைஞன் ஒருவன் மேடைக்கு வந்தான். தன் ஊரைப் பற்றி இரண்டு வசனம் சொல்ல முயன்றான், முடியவில்லை. வாத்தியக்காரரைப் பார்த்துத் தலையசைத்தான். சோகப் பாட்டொன்று வரப்போகிறதென்று சபை அமர்ந்திருக்க, அவன் எடுத்ததோ, கலியாண வீடுகளிலே பாடும் பகிடிப் பாட்டு. துள்ளிக் குதித்துத்தான் பாடினான். முதலிற் சபைக்குச் சிரிப்பதா விடுவதா என்று தெரியவில்லை. பிறகு எவரோ கைதட்டத் தொடங்கினர். சற்று நேரத்தில் மண்டபம் முழுவதும் தாளமாயிற்று. நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, கைதட்டவுமில்லை. கச்சேரியிலே போடுவதுபோலத் தொடையின் மேல் விரலெண்ணித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் பஸ்ஸில், அம்மாவிடம் அவர் சொன்ன விமரிசனம் இதுதான்: “அந்தப் பெடியன் தாளம் பிசகேல்லை.”

ஐந்து ஆண்டுகள் கழிந்து 1983 ஜூலையில் நேர்ந்தவற்றை இப்பக்கத்தின் வாசகருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. திரைப்படத்தைப் பற்றியமட்டில் ஒன்றைச் சொல்லவேண்டும். ஹெந்தளையிலே இருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது, சிங்களப் படங்களின் மூலச் சுருள்களும் அதனுள் எரிந்தன. ஒரு தமிழரின் சொத்தென்று வைத்த தீ, வைத்தவரின் மொழிப் படங்களையும் சேர்த்து விழுங்கிற்று. ஈழத்துத் தமிழ்ப் படங்களுட் பலவற்றை இன்று பார்ப்பதென்றால் தேடி அலையவேண்டும். 1977இல் தர்மசேன பத்திராஜா நெறிப்படுத்த, காவலூர் இராசதுரை தயாரித்த ‘பொன்மணி’ நல்வினையாகத் தப்பியிருக்கிறது. தம்பிஐயா தேவதாஸ் இத்துறையின் வரலாற்றை நூலாக எழுதியிராவிடில், பல படங்களின் பெயர்களைக்கூட நாம் இழந்திருப்போம்.

பத்திராஜாவும் மனோகரனும் 2018 ஜனவரியில், ஒரு வார இடைவெளியிற் காலமானார்கள். ஒருவர் இலங்கையில், மற்றவர் சென்னையில். பள்ளிக்கூடங்களிலே திரைப்பட மன்றங்கள் நடத்தும் ஆசிரியர்களை ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. உங்கள் மாணவரின் வீட்டு அலுமாரிகளில் பழைய பாட்டுப் புத்தகமோ, விளம்பரத் துண்டோ, வானொலியிலிருந்து பதிந்த ஒலிநாடாவோ கிடக்கக்கூடும். எங்கள் வீட்டிலே எஞ்சியது ஒன்றே: அந்த நிவாரண நிகழ்ச்சியின் ஐந்து ரிக்கற்றுகளின் அடிக்கட்டைகள். ஐயா அவற்றைத் தம் தேவாரப் புத்தகத்தினுள் வைத்திருந்தார். அவர் காலமான பின்னர்தான் கண்டோம்.