வல்கன்: பஞ்சர் கடையிலிருந்து இல்லாத கோள் வரை

நெடுஞ்சாலையில் போகும்போது பஞ்சர் கடைப் பலகைகளைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. 'வல்கனைசிங்', 'வால்கனைசிங்', 'பல்கனேசிங்' என்று ஊருக்கு ஒரு எழுத்துக்கூட்டல். எதுதான் சரி என்று அகராதியைப் புரட்டப் போய், ஒரு வாரம் வேறு வேலை ஓடவில்லை. அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு ரோமானியக் கடவுள் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் வல்கன். நெருப்புக்கும் கொல்லன் உலைக்கும் அதிபதி.

ஆள் கொஞ்சம் பாவப்பட்டவர். கிரேக்கர்களின் ஹெஃபைஸ்டஸ் கதைகளையெல்லாம் ரோமானியர்கள் இவர்மேல் ஏற்றிவிட்டார்கள். அதன்படி கால் ஊனம், வானத்திலிருந்து தூக்கி எறியப்பட்டவர், மற்ற கடவுள்களுக்கு ஆயுதமும் கவசமும் அடித்துக் கொடுப்பவர். மனைவி பேரழகி வீனஸ். அவளோ போர்க்கடவுள் மார்ஸோடு உறவு வைத்திருந்தாள். இருவரையும் கண்ணுக்குத் தெரியாத வலை பின்னிப் பிடித்தார் என்று கதை. வல்கன் கோயில் ஊர் மதிலுக்கு வெளியேதான் இருக்கவேண்டும் என்று கட்டடக்கலை நூல் எழுதிய விட்ருவியஸ் சொல்கிறார். காரணம், தீ விபத்து பயம். ஆகஸ்ட் 23 அவருக்குத் திருவிழா. அன்றைக்குச் சின்ன மீன்களை உயிரோடு நெருப்பில் போடுவார்களாம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? மனைவி வீனஸுக்கு ஒரு கோள் இருக்கிறது, நம்ம வெள்ளி. அவள் காதலனுக்கும் உண்டு, செவ்வாய். அப்பா ஜூபிட்டருக்கு வியாழன். உழைத்துக் கொட்டிய இந்த மனுஷனுக்கு மட்டும் வானத்தில் இடமில்லை. இது பின்னால் தேவைப்படும்.

முதலில் மண்ணில் கிடைத்த இடம். சிசிலிக்கு வடக்கே வுல்கானோ என்று ஒரு சின்னத் தீவு. அதன் மலை புகை கக்குவதைப் பார்த்து, கீழே வல்கனின் பட்டறை ஓடுகிறது என்று ரோமானியர்கள் நம்பினார்கள். அந்தத் தீவின் பெயர்தான் ஐரோப்பிய மொழிகளில் எல்லா எரிமலைகளுக்கும் பொதுச்சொல் ஆகிவிட்டது. (தமிழ் இங்கே சிக்கனம். எரிகிற மலை எரிமலை, கடவுள் எதற்கு?) 1888 முதல் 1890 வரை அந்தத் தீவு வெடித்ததைக் கவனித்த இத்தாலிய அறிஞர் மெர்கல்லி, அப்படி வெட்டி வெட்டி வெடிக்கிற வகைக்கே 'வல்கானியன்' என்று பெயர் வைத்தார்.

அடுத்தது ரப்பர். பச்சை ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைத்து உடையும். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகாமல் கெட்டியாகி, ஆனாலும் வளைகிறதைக் கண்டுபிடித்தார். நீளநீளமான ரப்பர் மூலக்கூறு இழைகளுக்குக் குறுக்கே கந்தகம் பாலம் போட்டுவிடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும், வெயிலிலும் இளகாது. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் அவருடைய ரப்பர் மாதிரிகளைப் பார்த்து, தானும் அதே வழியைப் பிடித்து, அங்கே காப்புரிமையை முந்திக்கொண்டார். 'வல்கனைசேஷன்' என்ற பெயரைச் சொன்னது ஹான்காக்கின் நண்பரான ஓவியர் வில்லியம் ப்ரோக்கடன். சூடும் கந்தகமும் சேர்ந்தால் எரிமலைதானே, வல்கன்தானே! குட்இயர் 1860-இல் பெரும் கடனோடு செத்துப்போனார். டயரில் நாம் பார்க்கும் அவர் பெயர், 1898-இல் வேறு யாரோ தொடங்கிய நிறுவனம் மரியாதைக்காக வைத்துக்கொண்டது.

இரும்பு, நெருப்பு என்றால் இந்தப் பெயர்தான் முதலில் ஞாபகம் வரும்போல. 1853-இல் பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடிய முதல் பயணிகள் ரயிலை இழுத்த எஞ்சின்கள் இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்ட்ரியில் செய்தவை. அமெரிக்காவில் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் 56 அடி உயர வார்ப்பிரும்பு வல்கன் நிற்கிறார், முன்னால் மேலங்கி, பின்னால் ஒன்றுமில்லை. 1982 ஃபாக்லாந்து போரில் குண்டு போட்ட பிரிட்டிஷ் விமானத்துக்கும் வல்கன் என்றே பெயர்.

இதெல்லாம் இருக்கிற பொருட்கள். எனக்குத் தூக்கம் கெட்டது இல்லாத பொருளால்.

1846-இல் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே ஒரு அதிசயம் செய்தார். யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. அப்படியானால் அதை இழுக்கிற இன்னொரு கோள் இருக்கவேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டு, இந்த இடத்தில் பாருங்கள் என்று பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் கிடைத்த இரவே நெப்டியூன் அகப்பட்டது.

அதே மனிதர் 1859-இல் புதன் பக்கம் திரும்பினார். புதன் சூரியனை மிக நெருங்கும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தள்ளிப்போகிறது. மற்ற கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்தபிறகும் ஒரு மிச்சம் நின்றது. பின்னாளில் திருத்திய கணக்கில் அது நூற்றாண்டுக்கு 43 விகலை. எவ்வளவு சின்னது என்றால், ஒரு டிகிரி தள்ளிப்போக 8,000 வருஷத்துக்கு மேல் ஆகும். லெ வெரியே பழைய வழியையே எடுத்தார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது.

ஓர்ஜேர் என்ற பிரெஞ்சுக் கிராமத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் லெஸ்கார்போ, அந்த ஊர் டாக்டர். அந்த ஆண்டு மார்ச் 26 அன்று சூரியனுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் புள்ளி போவதைத் தன் தொலைநோக்கியில் பார்த்ததாகச் சொன்னார். லெ வெரியே சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்கே போய் இறங்கி, குறுக்கு விசாரணை நடத்தினார். வினாடியை எப்படி அளந்தாய்? ஆணியில் தொங்கவிட்ட ஒரு குண்டைக் காட்டினார் டாக்டர். கணக்கு எங்கே? மரப்பலகையில் எழுதினேன், இடம் வேண்டும்போது இழைத்துவிடுவேன் என்றார். சிரிக்க வேண்டிய இடம். ஆனால் லெ வெரியே திருப்தியோடு திரும்பினார். டாக்டருக்கு அரசின் லெஜியன் ஆஃப் ஹானர் விருதே கிடைத்தது. சூரியனுக்கு அவ்வளவு பக்கத்தில் வெந்துகொண்டிருக்கிற கோளுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? வல்கனுக்குக் கடைசியில் வானத்தில் இடம் கிடைத்துவிட்டது.

அதே நேரத்தில் பிரேசிலில் இன்னும் நல்ல தொலைநோக்கியோடு சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த லியே என்பவர், எதுவும் போகவில்லை என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1878 ஜூலை 29 முழுச் சூரிய கிரகணத்தில், அமெரிக்காவில் வாட்சன், ஸ்விஃப்ட் என்று இரண்டு தேர்ந்த வானியலாளர்கள் வல்கனைப் பார்த்ததாக அறிவித்தார்கள். அடுத்தடுத்த கிரகணங்களில் அது தட்டுப்படவே இல்லை. லெ வெரியே அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார், கடைசிவரை நம்பிக்கையோடு.

அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நெப்டியூனுக்குப் பயன்பட்ட அதே தர்க்கம், அதே கவனம். 1860-இல் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், ஒன்று சரி, இன்னொன்று தப்பு என்று பிரித்துச் சொல்ல என்ன வழி இருந்தது? பெயர் வேறு வைத்தாகிவிட்டது. சூரியன்மேல் எந்தப் புள்ளி தெரிந்தாலும் 'அதுதான் வல்கன்' என்று சொல்ல ஒரு சொல் தயாராக இருந்தது. வாட்சன் பார்த்தது பக்கத்து நட்சத்திரங்களாகத்தான் இருக்கும் என்று அப்போதே சிலர் சொன்னார்கள்.

முடித்து வைத்தவர் ஐன்ஸ்டைன். 1915 நவம்பரில், தன் பொதுச் சார்பியல் சமன்பாடுகளில் புதனைப் போட்டுப் பார்த்தார். வேறு எந்தக் கோளும் இல்லாமலே 43 வந்து நின்றது. தப்பு வானத்தில் இல்லை, நியூட்டனின் ஈர்ப்பு விதியில்தான் இருந்தது. பல நாள் சந்தோஷத்தில் நிலைகொள்ளவில்லை என்று நண்பருக்கு எழுதினார்.

இதோடு கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் 1966-இல் ஸ்டார் ட்ரெக் தொடர் வந்தது. அதில் கூர்க்காது ஸ்பாக்கின் சொந்தக் கோளின் பெயர் வல்கன். கோபத்துக்கும் நெருப்புக்கும் பேர்போன கடவுளின் பெயரில், உணர்ச்சியே காட்டாத ஒரு இனம்! அந்தப் பாசத்தில், 2013-இல் புளூட்டோவின் புதிய நிலவுகளுக்குப் பெயர் கேட்டு நடந்த வாக்கெடுப்பில் வல்கன் முதலிடம் பிடித்தது. சர்வதேச வானியல் ஒன்றியம் மறுத்துவிட்டது. புளூட்டோ பாதாளக் கடவுள், வல்கனுக்கு அங்கே என்ன வேலை? தவிர, அந்தப் பெயர் ஏற்கெனவே வானியலில் புழங்கிவிட்டது. புதனுக்கு உட்புறம் சின்னக் கற்கள் சுற்றலாம் என்று தேடுகிறவர்கள் அவற்றை 'வல்கனாய்டு' என்கிறார்கள். அதுவும் இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை.

1991-இல் ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் மூன்று வானியலாளர்களும் சேர்ந்து, ஸ்பாக்கின் கோள் 40 எரிடானி என்ற நட்சத்திரத்தைச் சுற்றுவதாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வானியல் இதழுக்கு எழுதினார்கள். நம்மிடமிருந்து 16 ஒளியாண்டு தூரம். 2018-இல் அந்த நட்சத்திரத்துக்கு நிஜமாகவே ஒரு கோள் இருப்பதாக ஆய்வறிக்கை வந்தது. 42 நாளுக்கு ஒரு சுற்று. செய்தித்தாள்கள் 'வல்கன் கிடைத்துவிட்டது' என்று கொண்டாடின. 2024-இல் இன்னும் நுட்பமான கருவியால் அளந்து பார்த்தார்கள். கோள் இல்லை, நட்சத்திரத்தின் மேற்பரப்பிலேயே நடக்கிற கொந்தளிப்புதான் அப்படிக் காட்டியிருக்கிறது என்று முடிவானது.